வீழ்ந்ததை எடுத்து நிறுத்துதல்

நாம் பணியாற்றும் ஒரகடம் பகுதியின் ஆலைகளில், பழுதான இரும்பு கழிவுக் கிடங்குக்குப் போய்ச் சேர்கிறது. வீழ்ந்த இரும்புக்கும் மறுவாழ்வு உண்டென்று நமக்குக் கற்பித்தது பாம்பன் பாலம்.

மண்டபத்தையும் பாம்பன் தீவையும் இணைத்து 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பெற்ற அப்பாலம், தனுஷ்கோடித் துறைமுகம் வழியே இலங்கை செல்வோரைச் சுமந்தது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி இரு கரங்களென விரிந்து மேலெழும். தொழிலாளரே தம் கைவலிமையால் அதனைத் திறந்தனர்.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அங்குச் சென்றுகொண்டிருந்த ரயிலில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பாலத்தின் இரும்பு உத்திரங்கள் பெரும்பாலானவை கடலில் வீழ்ந்தன. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரின் தலைமையில், அவற்றைக் கடலடியிலிருந்து மீட்டுத் தூண்கள்மேல் மீண்டும் ஏற்றினர். 46 நாள்களில் பாலம் எழுந்தது. 2022 டிசம்பர்வரை ரயில்களைத் தாங்கியது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் அப்பணியை ஏற்றது.

சியன்னா நகரப் புனித கத்தரீன், கிறிஸ்துவையே விண்ணையும் மண்ணையும் இணைக்கும் பாலமாகக் கண்டார். வீழ்ந்தோரைத் தேடிக் கீழிறங்கி வந்த பாலம் அவர்.

இயந்திரத்தில் விரலிழந்து, அதனால் வேலையும் இழந்த இளைஞர் நம்மிடையே உள்ளனர். இரும்பைத் தேடிக் கடலடிவரை மனிதர் சென்றனர். இவர்களைத் தேடி, அடுத்த தெருவின் வாடகை அறைவரை நாம் செல்லலாகாதா?