மூக்கோரம் ஒரு நிழல்

2023 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மாலை. மும்பை செம்பூரில் எங்கள் வீட்டு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். எதிரே நின்ற பெண்ணை எனக்கு ஒரு விநாடி அடையாளம் தெரியவில்லை. என் மகள்தான். கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. மணப்பெண் மேக்கப்புக்கு ‘டிரையல்’ பார்க்கப் போயிருந்தாள்.

“எப்படிம்மா இருக்கு?”

“ரொம்ப நல்லா இருக்கு” என்றேன். பொய் இல்லை. கன்னம் ஒடுங்கி, தாடை கூர்மையாகி, டிவி சீரியல் நாயகியின் தங்கை மாதிரி இருந்தாள். மூக்கைத்தான் காணோம். அதாவது, அவள் மூக்கை. அது இருந்த இடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல நேராக, மெலிதாக வேறொரு மூக்கு இருந்தது.

அவளுக்கு அப்பாவின் மூக்கு. நடுவில் சற்று அமுங்கி, நுனியில் தாராளமாக விரிந்த மூக்கு. பிறந்த அன்றே என் மாமியார் குழந்தையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “அச்சு அசல் அவனேதான்” என்றார். என் கணவர் 2019இல் காலமானார். அந்த மூக்கு இப்போது எங்கள் வீட்டில் ஒன்றுதான் பாக்கி. அதையும் யாரோ இரண்டு பழுப்புக் கோடுகளால் அழித்துவிட்டார்களே என்று எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பியூட்டீஷியன் செய்ததற்குப் பெயர் கான்டூர். சொந்த நிறத்தைவிட ஒன்றிரண்டு படி அடர்ந்த நிறத்தைக் கன்ன எலும்புக்குக் கீழேயும், தாடை ஓரத்திலும், நெற்றியின் பக்கங்களிலும், மூக்கின் இரு புறமும் பூசுவார்கள். அடர்ந்த நிறம் பூசிய இடம் உள்வாங்கினாற்போலத் தெரியும், வெளிர் நிறம் பூசிய இடம் எடுப்பாகத் தெரியும். ஓவியர்களுக்கு இது காலங்காலமாகத் தெரிந்த விஷயம். 2012இல் அமெரிக்க டிவி பிரபலம் கிம் கார்தாஷியன், முகத்தில் கோடு கோடாகப் பூசிக்கொண்டு இன்னும் கலைக்காத நிலையில் இருக்கும் தன் படத்தை வெளியிட்டார். அதற்குப் பிறகு கல்லூரிப் பெண்களின் கைப்பை வரை வந்துவிட்டது.

எனக்கு அது 1986லேயே அறிமுகம். அப்போது இந்தப் பெயர் இல்லை.

அப்போது எனக்கு 24 வயது. வங்கியில் கிளார்க். மாதுங்காவில் தமிழ் நாடகங்கள் போட்ட ஒரு அமெச்சூர் குழுவில் சேர்ந்திருந்தேன். முதல் வேடமே 60 வயது மாமியார். கதாநாயகி வேடம் செயலாளரின் மைத்துனிக்கு என்று முன்பே தீர்மானமாகியிருந்தது. குழுவுக்கு மேக்கப் போட வந்தவரை எல்லோரும் மாமா என்றே கூப்பிடுவோம். பகலில் ஒரு மில்லில் வேலை, மாலையில் தகரப்பெட்டியுடன் கிரீன் ரூமில்.

“கன்னத்தை உள்ளே உறிஞ்சும்மா” என்றார். உறிஞ்சினேன். குழி விழுந்த இடத்தில் பழுப்பு ஸ்டிக்கால் ஒரு கோடு. “இப்ப சிரி.” சிரித்தேன். மூக்கோரத்திலிருந்து வாய் வரை விழுந்த மடிப்பில் இன்னொரு கோடு. பிறகு விரல் நுனியால் அந்தப் பழுப்பைக் கீழ்நோக்கி இழுத்துக் கலைத்தார். கண்ணாடியில் என் பாட்டி உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வருடம் மைத்துனிக்குக் கல்யாணமாகி நாக்பூர் போய்விட்டதால் நான் கதாநாயகி ஆனேன். அதே பெட்டி, அதே ஸ்டிக். கன்னத்தில் போட்ட கோடும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான். இந்த முறை மேல்நோக்கி, காதுப் பக்கமாகக் கலைத்தார். “கீழே இழுத்தா கிழவி, மேலே தள்ளினா குமரி. அரை இஞ்ச்தான் வித்தியாசம்” என்றார். அந்த அரை அங்குலத்தில் முப்பத்தைந்து வயது குறைந்தது.

கலைப்பது என்றால் என்ன என்று அவர் காட்டிய விதம் இன்றும் மறக்கவில்லை. குடித்துவிட்டு வைத்திருந்த டீ டம்ளரைக் கவிழ்த்து, பல்பின் பக்கத்தில் வைத்தார். பித்தளை டம்ளர். ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு. “எங்கேர்ந்து இருட்டு ஆரம்பிக்குது, விரலை வை பாப்போம்.” வைக்க முடியவில்லை. வெளிச்சம் மெல்ல மெல்லத்தான் குறைந்தது. பிறகு டம்ளரின் நிழல் மேஜையில் விழுந்திருந்ததைக் காட்டினார். அதற்குத் தெளிவான விளிம்பு இருந்தது. “இது மேல விழுந்த நிழல். அது உடம்போட நிழல். மூஞ்சில நமக்கு வேணுங்கறது டம்ளர் நிழல்தான். விளிம்பு தெரிஞ்சா அழுக்குன்னு நெனைச்சுக்குவாங்க.” இதற்குமேல் ஒரு பாடத்தை எந்த பியூட்டி பார்லர் பயிற்சியிலும் நான் கேட்டதில்லை. (மேடைக்காரர்கள் இன்றும் ‘அரிதாரம் பூசுவது’ என்கிறார்கள். அரிதாரம் என்பது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமம், விஷம். நல்ல வேளை, எங்கள் காலத்துக்குள் வார்த்தை மட்டும் தங்கி, சரக்கு போய்விட்டது.)

மறுநாள் காலை மகளிடம் மெதுவாக ஆரம்பித்தேன். மேக்கப் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மூக்கை அப்படியே விடச் சொல்லலாமே, அப்பா மாதிரி இருக்கும் என்றேன்.

அவள் தோசையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “எனக்கு அந்த மூக்கு பிடிக்காதும்மா.”

“என்னடி சொல்றே?”

“ஸ்கூல்ல என்னை என்னன்னு கூப்பிடுவாங்கன்னு உனக்குத் தெரியுமா?” தெரியாது. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அவளுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்திருக்கிறது. இந்தியில். அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. “கல்யாண போட்டோ ஆயுசுக்கும் இருக்கும். அதுல ஒரு நாளாவது எனக்குப் பிடிச்ச மாதிரி இருந்துட்டுப் போறேனே. அப்பா ஞாபகம் எனக்கு மூக்கை வச்சுத்தான் வரணுமா?”

பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. இன்னொன்றையும் அவள் சொன்னாள்: “குழந்தையா இருக்கறப்போ குளிப்பாட்டும்போது நீயும் பாட்டியும் என் மூக்கைப் பிடிச்சுப் பிடிச்சு இழுத்தீங்களாமே. பாட்டியே சொல்லியிருக்கா.”

உண்மை. கால்களை நீட்டி உட்கார்ந்து குழந்தையை அதில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றும்போது மூக்குத் தண்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து நீவுவது நம் வீடுகளில் வழக்கம். “எடுப்பா வரட்டும்” என்பார்கள். விரலால் நீவி எந்த மூக்கும் மாறியதில்லை. ஆனாலும் ஆறு மாதம் தினமும் செய்தோம். என் கணவரின் மூக்குக்கு இவ்வளவு வக்காலத்து வாங்கும் நான்தான் முதலில் அதைத் திருத்தப் பார்த்தவள். பியூட்டீஷியன் வந்ததெல்லாம் 28 வருடம் கழித்து.

இரண்டாவது டிரையலுக்கு மகள் என்னையும் வரச் சொன்னாள். சமாதானமாகவா, சாட்சியாகவா தெரியவில்லை. பியூட்டீஷியன் இருபத்தைந்து வயது மராத்திப் பெண். கை சுத்தம், பேச்சு இனிமை. என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, ஜூஸ் கொடுத்தாள். வில்லன்தான் என்று தீர்மானித்துப் போன எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அவள் செய்ததில் தவறு எங்கே என்று அங்கேதான் புரிந்தது. மகளின் முகத்துக்கு நேர் எதிரே வட்ட விளக்கு. நேரெதிரிலிருந்து வரும் வெளிச்சம் முகத்திலுள்ள எல்லா நிழலையும் துடைத்துவிடும். முகம் தட்டையாகும். அதை ஈடுகட்ட அவள் பழுப்பை அதிகமாகப் போடுகிறாள். “கல்யாணத்தில் வீடியோ லைட்டும் இப்படித்தான் அடிக்கும் ஆன்ட்டி” என்றாள். நியாயம்தான். ஆனால் மண்டபத்தில் வந்து வாழ்த்தும் நானூறு பேர் கேமரா இல்லையே.

வெளிச்சமே செய்யக்கூடியதைத்தான் இந்த ஸ்டிக் காப்பியடிக்கிறது. 1932இல் வந்த ‘ஷாங்காய் எக்ஸ்பிரஸ்’ படத்தில் மார்லின் டீட்ரிச்சின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டைரக்டர் ஸ்டெர்ன்பெர்க் விளக்கை அவர் முகத்துக்கு முன்னால், தலைக்கு மேலே உயரத்தில் வைத்தார். கன்ன எலும்பில் வெளிச்சம், அதன் கீழே குழிவான நிழல். கறுப்பு வெள்ளையில் அது போதும். கல்யாண மண்டபத்தில் விளக்கை நம் இஷ்டத்துக்கு வைக்க முடியாது, அதனால் நிழலைக் கையோடு எடுத்துப் போகிறோம்.

“ஜன்னல் பக்கம் வந்து ஒருமுறை பார்க்கலாமா?” என்று கேட்டேன். பகல் வெளிச்சத்தில் கன்னத்தில் பட்டை பட்டையாகத் தெரிந்தது. அந்தப் பெண்ணே உதட்டைக் கடித்துக்கொண்டாள். நிறமும் இடித்தது. அவள் எடுத்திருந்தது சாம்பல் சாயல் கொண்ட பழுப்பு. வெளுத்த தோலில் நிழல் அப்படித்தான் இருக்கும், அங்கே அது பொருந்தும். என் மகள் மாநிறத்துக்கும் ஒரு படி கீழே. அவள் கன்னத்தில் அந்தச் சாம்பல், விபூதி பட்டது போல இருந்தது. நம் நிறத்தில் நிழல் சாம்பலாக இருப்பதில்லை, இன்னும் ஆழ்ந்த பழுப்பாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் செம்மை கலந்திருக்கலாம். அது கூடிப்போனால் துரு. ஜிகினா கலந்தது எதுவும் கூடாது, நிழல் மின்னாது. நல்ல வேளையாக அவள் பெட்டியில் அடர் நிறங்களும் இருந்தன. என் காலத்தில் கடைக்குப் போனால் பவுண்டேஷனில் இரண்டே நிறம்: வெளுப்பு, அதைவிட வெளுப்பு.

துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். இம்முறை காது மடலுக்கு முன்னால் வைத்து, கன்ன எலும்பின் கீழ் விளிம்பையொட்டி முன்னே கொண்டுவந்து, கண்ணின் வெளிக்கோடியிலிருந்து நேர் கீழே ஒரு கோடு இழுத்தால் எங்கே வருமோ அதற்கு முன்பே நிறுத்தினாள். அதைத் தாண்டி வாயை நோக்கி வந்தால் மாமாவின் கிழவிதான். நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி மேல்நோக்கிக் கலைத்தாள். தேய்க்கவில்லை. தேய்த்தால் அடியிலிருக்கும் பவுண்டேஷனும் சேர்ந்து வந்துவிடும். காதருகே அடர்த்தி, முன்னே வர வர மங்கி, எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடிந்தது. டம்ளர் நிழல். அதற்குப் பிறகே பவுடர். கிரீம் மேல் பவுடர் உட்காரும், பவுடர் மேல் கிரீம் திட்டுத் திட்டாக நிற்கும். இதில் அவளுக்கு நான் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவசரப்படாதே என்பதைத் தவிர.

மூக்கு வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஜூஸ் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். “தீதி, போன தடவை மாதிரி நுனி வரைக்கும் வேண்டாம்” என்றாள் அந்தப் பெண்ணிடம். “கோடு ரெண்டும் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும்.”

புருவத்தின் உள்முனையில் ஆரம்பித்து, மூக்குத் தண்டின் சொந்த அகலத்திலேயே இரு பக்கமும் மெல்லிய நிழல். கண்ணிமைக்கு வைத்திருக்கும் சின்ன பிரஷ்ஷால் கலைத்தாள். நடுவில் வெள்ளைக் கோடு இல்லை. நுனியைத் தொடவில்லை. மூக்கு சற்று எடுப்பாகியிருந்தது. யாருடைய மூக்கு என்பதில் சந்தேகம் இல்லை.

பிப்ரவரியில் முகூர்த்தம். காலை ஆறரைக்கு ஹோமம். ஏ.சி. மண்டபம்தான், ஆனாலும் அக்னிக்கு முன்னால் மும்பையும் சென்னையும் ஒன்றே. புகையில் அவளுக்குக் கண்ணும் மூக்கும் கொட்டின. பட்டுப் புடவைத் தலைப்பில் துடைக்கக் கூடாதென்று மாப்பிள்ளை தன் மேல்துண்டை நீட்ட, அவள் வாங்கி மூக்கின் வலப்பக்கம் அழுத்தித் துடைத்துவிட்டாள். பவுடர், கிரீம், நிழல் எல்லாம் துண்டோடு போயிற்று. பியூட்டீஷியன் ஸ்பாஞ்சுடன் ஓடிவருவதற்குள் மாங்கல்யதாரணம். கெட்டிமேளம்.

தாலி ஏறும்போது நான் எடுத்த படம் அது. இடது பக்கம் மேக்கப் போட்ட மூக்கு, வலது பக்கம் முழுக்க அவள் அப்பா. ஆல்பத்துக்குப் படங்களைத் தேர்ந்தெடுத்தபோது மகள் அதைப் பார்த்துவிட்டு, “ஐயோ, இது வேண்டாம்மா” என்று ஒதுக்கினாள். ஆல்பத்தில் இல்லை. என் போனில் இருக்கிறது.