முன்னறையிற் பதினான்கு நாட்கள்

கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்து செல்ல நான்கு மணி நேரம் போதும். அங்கிருந்து மீண்ட நாம், கோண்டாவிலில் எமது சொந்த வீட்டின் முன்னறையைக் கடந்து அடுக்களை வாயிலை அடைவதற்குப் பதினான்கு நாட்கள் சென்றன. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாத நடுப்பகுதி அது. கொரோனாத் தொற்றுக்கு அஞ்சி, பிறநாடு சென்று திரும்பியோர் வீட்டிலே தனித்திருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டிருந்தது. கிருமி உடலிற் புகுந்து நோயாக வெளிப்படப் பதினான்கு நாட்கள் வரை செல்லக்கூடும் என்பதே கணக்கு.

சுகாதாரப் பரிசோதகர் வந்து படலையில் ஓர் அறிவித்தலை ஒட்டிச் சென்றார். எண்பத்திரண்டு வயதான எம் அன்னையார் அதனை எட்டி நின்று பார்த்து, "இதற்கு ஏன் கடதாசி, தம்பி? ஒரு கொப்பு வேப்பிலை செருகினால் ஊர் அறியாதோ?" என்றார்.

அவர் கூற்றில் உண்மையுண்டு. அம்மைநோய் கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகுதல் யாழ்ப்பாணத்துப் பழைய வழக்கம். அதனைக் கண்டவர் உட்புகார். நோயாளியைத் தனியறையிற் கிடத்தி, குணமானதும் வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரில் முழுக்காட்டிய பின்னரே மற்றையோருடன் கலக்க விடுவர். 1377 ஆம் ஆண்டில் ஏட்ரியாட்டிக் கடற்கரையிலுள்ள இரகூசா நகரத்தார், கொள்ளைநோய் கண்ட இடங்களிலிருந்து வந்தோரை முப்பது நாட்கள் வெளியே நிறுத்தியதைச் சரித்திரம் குறித்து வைத்திருக்கிறது. வேப்பிலைக்கோ ஆண்டுக் கணக்கில்லை.

அண்மைக் கடலோரத்திலும் ஓர் உதாரணம் உண்டு. தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த தென்னிந்தியத் தொழிலாளரை, கடல் கடக்குமுன் மண்டபம் முகாமில் இலங்கை அரசாங்கம் நிறுத்திவைத்துச் சோதித்தது. அவர்களுக்குச் சாய்மனைக் கதிரை ஏது? சொந்த யன்னல்தான் ஏது? எமது தனிமையைத் தண்டனையென்று சொல்ல நாக் கூசுகிறது.

அந்த யன்னலே எமக்கு உலகமாயிற்று. பங்குனி வெயிலிற் செம்மண் கனலும். வாழைகளுக்கு நீர் பாயும் வாய்க்காலிற் புலுனிகள் கூட்டமாய் வந்து, சண்டையிட்டுக்கொண்டே குளிக்கும். வேம்பு பூத்திருந்தது, மாலையானதும் அதன் வாசனை அறைக்குள்ளே வந்து நிற்கும்.

பொழுதை அளந்து தந்தது புகையிரதத்தின் கூவல். மார்ச் 20 ஆந் திகதி மாலை 6 மணிக்கு நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட, அதுவும் நின்றது. போரினால் 1990 இல் அற்றுப்போய், 2015 இலேயே எமது ஊருக்கு மீண்ட ஓசை அது. "திரும்பவும் நின்றுபோயிற்றோ?" என்று அன்னையார் கேட்டார். எதை நினைத்துக் கேட்டார் என்பது விளங்கிற்று, மறுமொழி கூறினோமில்லை.

மாலைகளில் அவர் விறாந்தையின் மறுகோடியில் அமர்வார். அவருக்கு ஒரு காது மந்தமாகையால் நாம் உரத்துப் பேச நேர்ந்தது. குடும்ப இரகசியங்கள் யாவும் அயலாருக்குப் பொதுச்சொத்தாயின. உணவை யன்னற்படியில் வைத்துவிட்டு விலகுவார். புட்டு ஆறிவிடுமே என்பது அவர் கவலை. எம் கவலை வேறு. விடியற்காலையில் அவர் இருமுவது பல்லாண்டுப் பழக்கம். அந்நாட்களில் மட்டும், இன்றைய இருமல் நேற்றையது போன்றதுதானா என்று படுக்கையிற் கிடந்தவாறே செவிகொடுத்தோம். அவருக்கென வாங்கி வந்த சேலை பெட்டியிலேயே மடிப்புக் குலையாது கிடந்தது. எடுத்துக் கொடுக்கத் துணிவில்லை.

பதினைந்தாம் நாட் காலை, கிணற்றடி வெயிலில் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது. வேப்பிலையும் மஞ்சளும் மிதந்தன. முழுகிய பின்பே உள்ளே வரலாமென்பது அன்னையாரின் கட்டளை. முழுகினோம்.