விளையாட்டின் நிறைவு

சிறு குழந்தைகள் உள்ள இல்லங்களில் மாலைப்பொழுதின் காட்சி பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். கூடமெங்கும் மரக்கட்டைகளும் சொப்புச் சாமான்களும் சக்கரம் கழன்ற வண்டிகளும் சிதறிக் கிடக்கும். “எல்லாவற்றையும் எடுத்து வை” என்னும் ஆணை எழும். குழந்தை அசையாது நிற்கும். இரண்டாம் முறை குரல் உயரும். மூன்றாம் முறை அழுகை தொடங்கும். முடிவில் தாயோ அக்காவோ குனிந்து ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி எடுப்பர். பிடிவாதக்காரன் என்னும் பெயர் மட்டும் குழந்தைக்கு நிலைத்துவிடும்.

அந்த ஆணை குழந்தையின் அளவுக்கு மீறியது. மூன்று வயதுக் குழந்தைக்கு ‘எல்லாம்’ என்பது எல்லையற்றது. எதிலிருந்து தொடங்குவது, எங்கே வைப்பது, எப்போது முடியும் என்பன அதற்கு விளங்குவதில்லை. “கட்டைகளை இந்தக் கூடையில் போடு” என்று கூறினால் பிஞ்சுக் கை இயங்கத் தொடங்குகிறது. செய்ய வேண்டிய செயல் ஒன்றாகவும், வைக்க வேண்டிய இடம் எட்டும் உயரத்திலும் இருந்தால் பாதிப் பணி எளிதாகிவிடும்.

இதனைக் கண்கூடாக உணர்ந்தவர் மரியா மாண்டிசோரி. மருத்துவரான அவர், 1907ஆம் ஆண்டு உரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில், எளிய மக்களின் பிள்ளைகளுக்காகக் ‘குழந்தைகள் இல்லம்’ ஒன்றைத் தொடங்கினார். முதலில் அங்கே பயிற்சிப் பொருள்கள் பூட்டிய அலமாரியில் இருந்தன. ஆசிரியரே எடுத்து வழங்கினார். அவரே திரும்ப அடுக்கினார். குழந்தைகளோ அவர் பின்னே சென்று, தாமே அடுக்க விரும்பினர். ஒருநாள் அலமாரி பூட்டப்படாமல் இருந்தது. ஆசிரியரும் சற்றுத் தாமதமாக வந்தார். அதற்குள் குழந்தைகள் சிலர் வேண்டியவற்றைத் தாமே எடுத்துச் சென்றுகொண்டிருந்தனர். ஆசிரியர் அதனைக் குற்றமெனக் கருதினார். மாண்டிசோரியோ, குழந்தைகள் அப்பொருள்களை நன்கறிந்துவிட்டதன் அடையாளமாகக் கண்டார். பின்னர், பூட்டிய அலமாரியின் இடத்தில் கைக்கெட்டும் தாழ்வான தட்டுகள் வந்தன. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த அவர், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார்.

மாண்டிசோரி தட்டுகளில் கண்ட ஒழுங்கு, தமிழகத்து இல்லங்களில் கொலுப்படிகளிலும் உண்டு. நவராத்திரி நிறைவில் பொம்மை ஒன்றைப் படுக்கவைத்து உறங்கச் செய்வர். பிறகு ஒவ்வொன்றையும் பழந்துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவர். மரப்பாச்சிக்குத் துணி சுற்றும் பணி சிறுவர்க்குக் கிடைக்கும். பெரியவர்கள் உடன் அமர்ந்து செய்வதால் அவர்களும் மகிழ்ந்து செய்வர். பொம்மை உறங்கப் போகிறது என்ற சொல்லில், எடுத்து வைப்பதும் விளையாட்டின் பகுதியாகிவிடுகிறது.

அச்சுறுத்தலும் மிட்டாயும் அன்றைய கூடத்தைத் தூய்மையாக்கலாம். மறுநாளைக்கு அவை உதவுவதில்லை. மிட்டாய்க்காக எடுத்து வைத்த குழந்தை, மறுநாள் மிட்டாய் எங்கே என்றே முதலில் கேட்கும். குழந்தை உறங்கியபின் தாயே ஒதுக்கிவைக்கும் வீட்டிலோ, தான் சிதறியதை எடுப்பதற்கு வேறொருவர் உள்ளார் என்பதே பாடமாகிறது. பெண் குழந்தையைக் குனியச் சொல்லி, ஆண் குழந்தையை விட்டுவிடும் வீட்டில் அப்பாடம் இன்னும் ஆழமாகப் பதிகிறது. உண்ட தட்டையும் கழற்றிய சட்டையையும் விட்ட இடத்திலேயே விட்டுச்செல்லும் இளைஞனின் வழக்கம் பல வீடுகளில் இந்தக் கூடத்தில்தான் தொடங்குகிறது. தம்பி தங்கையரை உடைய அண்ணன்மாரும் அக்காமாரும் இதனை மாற்ற வல்லவர்கள். ஆணையிடுவதை விடுத்து, அருகில் அமர்ந்து முதல் கட்டையைத் தாமே கூடையில் இட்டால் போதும். இரண்டாவது கட்டையைக் குழந்தை தேடி எடுக்கும்.

குழந்தை அடுக்கியது கோணலாகவே இருக்கும். வண்டி தலைகீழாகக் கிடக்கும். கரடிப் பொம்மையின் ஒரு கால் கூடைக்கு வெளியே தொங்கும். அதன் கண்முன்னே அவற்றைக் கலைத்துத் திருத்தாமல் விட்டுவிடுவது நல்லது. மறுநாள் காலை குழந்தை நேரே அக்கூடையிடம் சென்று, தான் வைத்த இடத்திலிருந்தே தன் கரடியை எடுத்துக்கொள்ளும்.