வெள்ளை ஈயும் நானும்

கோடை விடுமுறையில் எங்கே சென்றாய், என்ன கண்டாய் என்று நண்பர்கள் கேட்கின்றனர். உதகைக்கும் கோவாவுக்கும் சென்று வந்தவர்கள் இவ்விதழில் எழுதட்டும். நான் கொச்சியில் வெலிங்டன் தீவிலுள்ள எங்கள் வீட்டில், அம்மாவின் கத்தரிச் செடிகளுக்குக் காவல் இருந்தேன். அந்தக் காவலின் இலட்சணத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

தீவு என்றதும் இயற்கை அன்னையின் கைவண்ணம் என்று எண்ணிவிட வேண்டாம். 1920-இல் கொச்சிக்கு வந்த இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் பெருங் கப்பல்கள் நுழைவதற்காகக் காயலின் வாயை ஆழப்படுத்தினார். அங்கிருந்து வாரிய சேற்றையும் மணலையும் கொட்டி மேடாக்கிய நிலமே இத்தீவு. வைசிராயாக இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயரை அதற்குச் சூட்டினர். நம்மவர் நாவில் அது வெலிங்டன் ஆகிவிட்டது. காயலின் அடிவயிற்றிலிருந்து வந்த மண்ணில் காய்கறி எளிதில் விளையுமா? எங்கள் குடியிருப்பின் பின்புறம் ஒரு சாண் தோண்டினால் கிளிஞ்சல்தான் வரும். ஆகையால் அம்மா செம்மண்ணும் சாணமும் தேங்காய் நார்க்கழிவும் கலந்து, பழைய சாக்குகளில் நிரப்பிக் கத்தரி, வெண்டை, மிளகாய், தட்டைப்பயறு எல்லாம் வளர்த்து வந்தாள்.

இந்தத் தோட்டம் பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2015-ஆம் ஆண்டில், தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறிகளில் பூச்சி மருந்தின் எச்சம் மிகுதி என்று கேரளத்தில் பெரும் பேச்சு எழுந்தது. தமிழக அரசு அதை மறுத்தது. ஒட்டன்சத்திரத்துக் காய் இல்லாமல் கேரளத்து அடுப்பு எரியாது என்பது ஒருபுறமிருக்க, எங்கள் அடுத்த வீட்டுச் சேச்சி வேலியோரம் நின்று, "உங்க நாட்டுக் காயெல்லாம் விஷமாமே" என்று வெள்ளை மனத்தோடு கேட்டுவிட்டார். அம்மாவுக்குச் சுருக்கென்றது. அம்பாசமுத்திரத்தில் உழவர் வீட்டில் பிறந்தவள் அவள். மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரமே சாக்குகளில் மண் நிரப்பினாள். முதற் காய்ப்பில் பாதியைச் சேச்சி வீட்டுக்குக் கொடுத்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு பறிப்பிலும் ஒரு பங்கு வேலியைத் தாண்டிச் செல்வது வழக்கமாயிற்று.

சேச்சியின் அச்சத்தையும் குறை கூற இயலாது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களின்மீது ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு மேல், 2000-ஆம் ஆண்டு வரை, எண்டோசல்பான் என்னும் நஞ்சை வானிலிருந்து தெளித்தார்கள். அங்குப் பிறந்த குழந்தைகளின் நிலையைப் படங்களில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உச்சநீதிமன்றம் 2011-இல் அம்மருந்துக்குத் தடை விதித்தது. அந்த நாட்டில் வாழும் ஒரு பாட்டி, பேத்தியின் தட்டில் விழும் காயை ஐயத்தோடு பார்ப்பது இயல்புதானே!

இனி என் வீரச் செயலுக்கு வருகிறேன். ஏப்ரல் மாதக் கடைசியில் அம்மா ஒரு திருமணத்துக்காக ஊருக்குப் போனாள். "ஏல, காலையில தண்ணி ஊத்து. இலைக்கு அடியில பாரு. வேற ஒண்ணும் செய்யாத" என்று சொல்லித்தான் போனாள். முதல் இரண்டும் எனக்கு நினைவிருந்தன. இலையைத் தொட்டவுடன் சுண்ணாம்புத் தூளை ஊதியது போல் வெள்ளைப் பூச்சிகள் பறந்தன. இலையெல்லாம் பிசுபிசுப்பு, அதன்மேல் கரிபூசியது போன்ற பூசணம். வெண்டையில் இரண்டு செடிகளின் நரம்புகள் மஞ்சளாகிவிட்டிருந்தன. பட்டப் படிப்புப் படிக்கிறவன் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா? பாலத்தைக் கடந்து சென்று ஒரு கடையில் மருந்துப் புட்டி ஒன்றை வாங்கி வந்தேன். அதில் மஞ்சள் முக்கோணம் போட்டிருந்தது. நம் நாட்டில் சிவப்புக்கு அடுத்தபடியான கொடிய நஞ்சுக்கு அதுதான் அடையாளம் என்பது எனக்குத் தெரியாது. மஞ்சளைக் கண்டு ஏமாறுவது வெள்ளை ஈயின் குணம் என்று பின்னர் அறிந்தேன். அந்த வகையில் நாங்கள் இருவரும் ஓரினம். புட்டியோடு வந்த தாளைப் பிரிக்காமலே, சொன்ன அளவுக்கு மேல் ஒரு மூடி சேர்த்துக் கலந்து, செடி நனைய நனையத் தெளித்தேன்.

மறுநாள் காலை ஒரு பூச்சியும் இல்லை. நெஞ்சு நிமிர்ந்தது. மூன்றாம் நாள் பளபளவென்று எட்டுக் கத்தரிக்காய்களைப் பறித்து, வழக்கம் போல் நான்கைச் சேச்சி வீட்டில் கொடுத்தேன்.

அன்று மாலை அம்மா திரும்பினாள். வாசலில் பையை வைக்கும் முன்பே, "என்ன வாடை?" என்றாள். புட்டியைக் காட்டினேன். தாளைப் பிரித்துப் படித்தாள். தெளித்த பின் ஒரு வாரத்துக்கு மேல் காய் பறிக்கலாகாது என்று அதில் தமிழிலேயே அச்சிட்டிருந்தது. "சேச்சிக்குக் குடுத்தியா?" என்று மட்டும் கேட்டாள். நான் வாய் திறக்கவில்லை. கால் கழுவாமல், சேலை மாற்றாமல், அடுத்த வீட்டுக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன்.

மதியமே பொரியலாகிவிட்டது. ஐந்து வயதுப் பேத்தி விரும்பித் தின்றாளாம். நடந்ததை அம்மா மறைக்கவில்லை. "என் மகன் மருந்தடிச்சிட்டான், எனக்குத் தெரியாது" என்று சொன்னபோது அவள் குரல் உடைந்தது. சேச்சி ஒரு சொல்லும் சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றிரவே மருத்துவரிடம் காட்டினார்கள். குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. ஆயினும் அந்த இரண்டு நாள்கள் எங்கள் வீட்டில் யாரும் சரியாக உண்ணவில்லை. செடியில் இருந்த காயையெல்லாம் அம்மா பறித்துக் குழி தோண்டிப் புதைத்தாள்.

மூன்று வாரம் கழிந்தது. வெள்ளை ஈ திரும்பி வந்தது. முன்னைவிட இருமடங்காக வந்தது. கத்தரி இலையில் செஞ்சிலந்தி வேறு சேர்ந்துகொண்டது. பூச்சியியல் பயிலும் நண்பர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டேன். வெள்ளை ஈ உண்மையில் ஈயே அன்று, அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் உறவு என்றார் அவர். பறப்பவை சாகலாம், ஆனால் இலையின் அடியில் ஒட்டியிருக்கும் முட்டைகள் தப்பிப் பிழைக்கும், வெப்பக் காலத்தில் அவை மூன்று வாரத்தில் முழுப் பூச்சியாகும் என்றார். நான் கொன்றவற்றுள் பொறிவண்டும் இருந்தது, கண்ணுக்குத் தெரியாத சிறு குளவியும் இருந்தது. பகைவனை விட்டுவிட்டு அவனைத் தின்னும் படையை நான் அழித்திருக்கிறேன்! 2016-இல் பொள்ளாச்சித் தென்னைகளில் சுருள் வெள்ளை ஈ முதன்முதலாகப் பரவியபோது, மருந்து தெளிக்க வேண்டாம், என்கார்சியா என்ற குளவியைக் காப்பாற்றுங்கள் என்றுதான் அறிஞர்கள் உழவர்களைக் கேட்டுக்கொண்டார்கள். அயல்நாட்டுப் பூச்சி அது. கப்பல் வந்து நிற்கும் ஊரில் வாழும் எங்களுக்கு வந்தேறிகள் புதியவர் அல்லர்; நாங்களே வந்தேறிகள்தாம்.

அம்மா மீண்டும் தொடங்கினாள். நரம்பு மஞ்சளான வெண்டையை முதலில் பிடுங்கி எறிந்தாள். அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய், மருந்தில்லை. பழைய தகர மூடிகளுக்கு மஞ்சள் வண்ணம் அடித்து, விளக்கெண்ணெய் தடவிச் செடிக்கிடையே தொங்கவிட்டாள். இலையின் அடியில் தண்ணீரைப் பீச்சியடித்துப் பூச்சிகளை உதிர்த்தாள். அசுவினியை எறும்பு மேய்க்கிறது என்று சாக்கைச் சுற்றிச் சாம்பல் தூவினாள். இவ்வளவு செய்தும் மிளகாயில் பூச்சி அடங்கவில்லை.

அப்போதுதான் வேலியில் சேச்சியின் தலை தெரிந்தது. பல நாள்களுக்குப் பின் தெரிந்தது, நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கையில் ஒரு பூண்டும் அரைக் கட்டிச் சலவைச் சோப்பும் இருந்தன. கிருஷி பவனில் கற்றுத் தந்ததாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி வேப்பெண்ணெய், 20 கிராம் பூண்டு அரைத்துப் பிழிந்த சாறு, 5 கிராம் சோப்பு. சோப்பை முதலில் வெந்நீரில் கரைத்து எண்ணெயோடு நன்றாக அடிக்க வேண்டும். இல்லையேல் எண்ணெய் மேலே மிதந்து இலையைச் சுட்டுவிடும். அம்பாசமுத்திரத்து வேப்பெண்ணெய் எங்கள் வீட்டில் இருந்தது. இரு பெண்களும் திண்ணையில் அமர்ந்து கலக்கினார்கள். எனக்குக் கிடைத்த வேலை பூண்டு உரிப்பது. வெயில் தாழ்ந்த பின், இலையின் அடிப்பக்கம் நனையும்படி நான் தெளிக்க, அம்மா ஒவ்வோர் இலையாகப் புரட்டிக் காட்டினாள். வாரம் ஒரு முறையாக மூன்று முறை செய்தோம். பூச்சி அறவே ஒழிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். குறைந்தது, செடி துளிர்த்தது.

ஊருக்குக் கிளம்பும் முதல்நாள் மழை விட்டிருந்தது. நண்பர் சொன்னபடி ஒரு கத்தரி இலையைத் திருப்பிக் கைக்கண்ணாடியால் பார்த்தேன். வெளிறிய செதில்களுக்கிடையே கறுத்த செதில்கள் சில. குளவி முட்டையிட்டவை அவை. ஒன்றில் ஊசி குத்தியது போல் வட்டத் துளை இருந்தது. வெள்ளை ஈ வெளியேறினால் ஓடு கீறிப் பிளந்திருக்கும், குளவி வெளியேறினால்தான் வட்டமாக இருக்குமாம். அந்த இலையைச் சேச்சியின் பேத்திக்குக் காட்டினேன். அவள் வேலியின் மறுபுறம் நின்று, கண்ணாடியைப் பிடுங்கி, நெடுநேரம் பார்த்தாள். பிறகு, அம்மா பறித்து வைத்திருந்த நான்கு கத்தரிக்காய்களைச் சுட்டி, "இது கழிக்காமோ?" என்று கேட்டாள்.

நான் விடை சொல்லவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தலையசைத்த பின்தான் காயை எடுத்து அவளிடம் நீட்டினேன்.