மொட்டை மாடியில் சனி பகவான்

டெலஸ்கோப் வாங்கப் போகிறீர்களா சார்? அட்டைப்பெட்டியை நம்பாதீர்கள். '525 மடங்கு பெரிதாக்கும்' என்று போட்டிருக்கும். முன் லென்ஸின் அகலம் எத்தனை மில்லிமீட்டரோ, அதைப்போல் இரண்டு மடங்குதான் உருப்படியான எல்லை. என்னுடையது 70 மில்லிமீட்டர். 140 மடங்கைத் தாண்டினால் நிலா கலங்கின மோர்!

கம்மாபுரத்தில் எனக்கு இன்னொரு சங்கடம். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற நெய்வேலி பக்கத்திலேயே இருப்பதால், அந்தத் திசை வானம் ராத்திரியிலும் வெளுத்துக் கிடக்கும். மங்கல் நட்சத்திரங்களை உச்சிக்கு வரும்போதுதான் பிடிக்கணும். காவலூர் 2.34 மீட்டர் தொலைநோக்கியை ஜவ்வாது மலைக்குள் வைத்தது சும்மாவா?

வெயிலில் காய்ந்த மாடி முன்னிரவில் அனல் கக்கும், பார்ப்பதெல்லாம் நெளியும். பத்து மணிக்கு மேல் ஏறுங்கள். இருபது நிமிஷம் செல்போனைத் தொடாதீர்கள், கண் இருட்டுக்குப் பழகட்டும். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றுங்கள். பௌர்ணமியைவிட அரை நிலா தேவலை. பள்ளங்களின் நிழல் அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது. கண் போய்விடும்.

என் அம்மாவுக்குச் சனி என்றாலே நடுக்கம். எனக்கு வேலை கிடைக்காத மூன்று வருஷமும் சனிக்கிழமை தவறாமல் எள் தீபம் போட்டவள். 2022 செப்டம்பரில் ஒரு ராத்திரி, 70 மடங்கில் வளையத்தோடு சனியைப் பிடித்து, "வாம்மா" என்றேன். தயங்கித் தயங்கிக் கண்ணை வைத்தாள். ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

"இவனாடா? தோடு மாதிரி இவ்ளோ அழகா இருக்கானே!"

"அப்போ தீபத்தை நிறுத்திடலாமா?"

"அது எப்படிடா? இத்தனை நாள் பயந்து ஏத்துனேன். இனிமே பிரியமா ஏத்துவேன்."