பாரிசில் பதிவான கூலிக் கணக்கு

தோழர்களே, பிக் பில் பிரூன்சி என்ற பெயரை நம் பக்கம் அதிகம் பேர் கேட்டிருக்க மாட்டார்கள். அமெரிக்காவின் தென்பகுதியில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, சிகாகோ வந்து, கிட்டாரோடு ப்ளூஸ் பாடிய கறுப்பர். நூற்றுக்கணக்கான பாட்டுகளைப் பதிந்தவர். ஆனால் நிறவெறியை நேராகச் சொன்ன 'பிளாக், பிரவுன் அண்ட் ஒயிட்' பாட்டை அமெரிக்கக் கம்பெனிகள் பல மறுத்தன. 1951இல் ஐரோப்பா போனபோது பாரிசில் வோக் கம்பெனிக்கு அதைப் பாடினார்.

அதில் அழுகையே இல்லை, கணக்குதான். வேலைக்கு வரிசையில் நிற்கிறான்; எல்லோர் நம்பரையும் கூப்பிடுகிறார்கள், இவனுடையதை மட்டும் இல்லை. பக்கத்தில் அதே வேலை செய்கிறவனுக்கு இரட்டிப்புக் கூலி. ப்ளூஸ் என்றாலே சோகம் என்று எழுதுகிறவர்கள் இதைக் கேட்கட்டும்.

எனக்கு உடனே சாத்தூர், சிவகாசிதான் ஞாபகம் வந்தது. எங்கள் தெருவிலிருந்து மருந்துக் கலவை அறைக்குப் போனவர்கள் உண்டு. ஆபீஸ் நாற்காலிக்குப் போனவர் ஒருவர்கூட இல்லை. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் வெடிவிபத்தில் 20 பேருக்கு மேல் செத்தார்கள்.

இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா'வைக் கே.ஏ.குணசேகரன் மேடை மேடையாகப் பாடிச் சேரிகளுக்குக் கொண்டு சேர்த்தார். பட்டாசுக் கட்டடங்களில் நம் அம்மாக்களும் அக்காக்களும் பாடுவதை யார் பதிந்தார்கள்? உங்கள் போனில் பதியுங்கள். ஊர், தேதி, அன்றைய பீஸ் ரேட் மூன்றையும் பேசிச் சேருங்கள். பாடியவர் பெயரை மட்டும் அவர் சம்மதித்தால் போடுங்கள். போர்மேன் காதுக்குப் போனால் மறுநாள் வேலை கிடையாது.