அணை பார்க்கப் போய் அலுமினியம் பார்த்தோம்

மேட்டூர் என்றால் எல்லோருக்கும் அணைதான் ஞாபகம் வரும். 1934-ல் கட்டி முடித்த அணை, 120 அடி தண்ணீர், பதினாறு கண் மதகு, பூங்கா, வெளியே வந்தால் சுடச்சுட மீன் வறுவல். ஒரு நாள் பொழுது போக இது போதும். ஆனால் அந்த ஊருக்கு இன்னொரு முகம் உண்டு. போன லீவில் ஏற்காடு, மேட்டூர் இரண்டுக்கும் போய் வந்தபோது நான் பார்த்ததும் கேட்டதும் அதைப் பற்றித்தான். நம் அடுப்படிக்கு ரொம்ப நெருக்கமான விஷயம் என்பதால் சகோதரிகளுக்கு எழுதுகிறேன்.

முதலில் ஏற்காடு. ஏரியில் படகு, லேடீஸ் சீட், காபித் தோட்டம், மிளகுக் கொடி எல்லாம் பலரும் எழுதியாகிவிட்டது. நாங்கள் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். மலை உச்சியில் குகைக்குள் இருக்கிற சாமி. குனிந்துதான் உள்ளே போகணும். வெளியே வந்து சுற்றிப் பார்த்தால் மரமில்லாத பரந்த வெளி, காலடியில் செம்புறாங்கல் போல ஓட்டை ஓட்டையான சிவந்த கல். என் பெண் ஒன்றைப் பொறுக்கி, "என்னம்மா இது, செங்கல்லை உடைச்சுப் போட்ட மாதிரி இருக்கு?" என்றாள். அதுதான் பாக்சைட் இனத்துக் கல் என்று கூட வந்த டிரைவர் சொன்னார். அலுமினியம் கிடைப்பது இந்தக் கல்லிலிருந்துதான்.

சேர்வராயன் மலையிலும் நாமக்கல் பக்கம் கொல்லிமலையிலும் இந்தக் கல் உச்சியில் ஒரு தொப்பி போல் படிந்திருக்கிறது. ஆழத்தில் சுரங்கம் தோண்ட வேண்டியதில்லை. மேல் மண்ணை வழித்துவிட்டு வெட்டி எடுத்துக்கொண்டு போகலாம். சௌகரியம்தான். ஆனால் மழைத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே ஊற்றாக விடுவதும் இந்த ஓட்டைக் கல்தானே! வெட்டிய மலைக்குத் தொப்பியைத் திருப்பிப் போட முடியாது. இந்த இரண்டு மலையிலும் எடுத்த கல்தான் மேட்டூரில் 1965-ல் உற்பத்தி தொடங்கிய அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாகப் போயிற்று. 2008-ன் கடைசியில் அங்கே உருக்கும் வேலை நின்றது.

மேட்டூரில் என் நாத்தனார் வீடு. அவள் கணவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவது. அவர் இள வயதில் சில வருஷம் அந்த ஆலையில் வேலை பார்த்து, அது நிற்பதற்கு முன்பே விலகிச் சொந்தமாகத் தொழில் வைத்துக்கொண்டவர். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து அவர் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை.

"பாரும்மா, கல்லைப் பொடி பண்ணி காஸ்டிக் சோடாவுல வேக வைக்கணும். அதுல இருந்து வெள்ளை வெளேர்னு அலுமினாங்கற பொடி வரும், பாக்கறதுக்குச் சர்க்கரை மாதிரி. அதைக் கொண்டுபோய் பாட் ரூம்ல தொட்டி தொட்டியா வச்சிருப்பாங்க, அதுல போட்டுக் கரைச்சு உள்ளே கரண்டைப் பாய்ச்சணும். தொள்ளாயிரத்தைம்பது டிகிரி சூடு. கரண்ட் நிக்கவே கூடாது. நாலஞ்சு மணி நேரம் நின்னா உள்ளே இருக்கற குழம்பு உறைஞ்சு கல்லாயிடும். அந்த ஹாலுக்குள்ள காந்த சக்தி அப்படி இருக்கும், முள் வாட்சு நின்னு போயிடும்னு கழட்டி வச்சுட்டுத்தான் போவோம்."

ஒரு கிலோ அலுமினியத்துக்கு எவ்வளவு கரண்ட் ஆகும் என்று கேட்டேன். சுமார் பதினாலு யூனிட் என்றார். சட்டென்று நான் கணக்குப் போட்டேன். ஏழு கிலோவுக்கு நூறு யூனிட்! நம் தமிழ்நாட்டில் இரண்டு மாசத்துக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் அரசாங்கம் இலவசமாகத் தருகிற அந்த நூறு யூனிட்தான். என் வீட்டுப் பரணில் கிடக்கிற நசுங்கிய அண்டா, பிடி போன குக்கர், அடி பிடித்த பால் பாத்திரம் எல்லாம் சேர்த்தாலே ஏழு கிலோ தேறும்.

அதே பழசை உருக்கி மறுபடியும் அலுமினியமாக்க 660 டிகிரி சூடு போதும். புதிதாக எடுக்க ஆகிற சக்தியில் இருபதில் ஒரு பங்குதான் செலவு. அதாவது நூறு யூனிட்டுக்குப் பதில் ஐந்து. உருக்க உருக்க இந்த உலோகம் தன் குணத்தை இழப்பதும் இல்லை. உலகத்தில் இதுவரை எடுத்த அலுமினியத்தில் முக்கால்வாசி இன்னும் ஏதோ ஒரு உருவத்தில் உபயோகத்தில்தான் இருக்கிறதாம். ஒரு காலத்தில் இது வெள்ளி மாதிரி அபூர்வமாக இருந்தது. 1884-ல் அமெரிக்காவில் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சிக்கு இதில்தான் முடி வைத்தார்கள். 1886-ல் கரண்ட் மூலம் எடுக்கும் வழி கண்டுபிடித்த பிறகுதான் விலை இறங்கி, கடைசியில் நம் வீட்டு டீச்சட்டியாயிற்று.

கரண்ட் மட்டுமா? ஒரு டன் அலுமினியத்துக்கு நாலு டன்னுக்குக் குறையாமல் கல் வேண்டும். அலுமினா எடுத்த பிறகு மிஞ்சுகிற காரமான சிவப்புச் சேறு தனி. டன் அலுமினாவுக்கு ஏறக்குறைய ஒரு டன், சில சமயம் அதற்கும் மேல். மறுநாள் காலையில் அண்ணா ஆலைப் பக்கம் அழைத்துப்போய், தூரத்தில் செக்கச் செவேல் என்று ஒரு மேட்டைக் காட்டினார். இவ்வளவு வருஷமாக ஆலை ஓடவில்லை, சேறு மட்டும் அப்படியே இருக்கிறது. ஹங்கேரி நாட்டில் 2010 அக்டோபரில் இப்படிப்பட்ட சேற்றுக் குளத்தின் கரை உடைந்து கிராமங்களுக்குள் புகுந்து பத்துப் பேர் இறந்து போனார்கள். காரம் பட்டு எத்தனையோ பேருக்கு உடம்பு வெந்து போயிற்று. இந்தச் சேற்றில் இரும்புச் சத்து இருப்பதால் சிமெண்ட் ஆலைகள் கொஞ்சம் வாங்கிக் கலந்துகொள்கின்றன. ஆனால் குவிகிற அளவுக்கு முன் அது ஒரு கைப்பிடி.

இதற்கு நேர்மாறாக ஒரு நல்ல காட்சியையும் பார்த்தோம். மேட்டூர் அனல் மின் நிலையம் இருக்கிறதல்லவா? 1987-லிருந்து ஓடுகிறது. நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்கு வெறும் சாம்பல். ஒரு நாளைக்கு எத்தனை லாரி சாம்பல் விழும், நினைத்துப் பாருங்கள்! முன்பெல்லாம் தண்ணீரில் கரைத்துக் குளத்தில் கொட்டுவதோடு சரி. 1999-ல் மத்திய அரசு, மின் நிலையத்தைச் சுற்றியுள்ள இடங்களில் கட்டட வேலைக்கு இந்தச் சாம்பலைச் சேர்க்க வேண்டும் என்று சட்டம் போட்டது. அண்ணாவின் தொழிலே இப்போது அதுதான், சாம்பல் செங்கல் சூளை. சூளை என்று சொல்லக் கூடாது. அங்கே நெருப்பே கிடையாது. சாம்பல், கிரஷர் தூள், கொஞ்சம் சிமெண்ட் எல்லாம் கலந்து மெஷினில் அழுத்தினால் சாம்பல் நிறத்தில் ஒரே அளவாகக் கல் வந்து விழுகிறது. அதை அடுக்கி, இரண்டு மூன்று வாரம் தண்ணீர் தெளிக்க வேண்டும். பிள்ளைத்தாய்ச்சியைக் கவனிப்பது போல வேளை தவறாமல் தெளிக்கிறார்கள்! விறகு இல்லை, வயல் மேல் மண்ணைத் தோண்டவும் வேண்டாம். அங்கே பத்துப் பன்னிரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். எல்லோரும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருந்தார்கள். உலர்ந்த சாம்பல் நெஞ்சுக்கு ஆகாது, அவிழ்த்தால் அண்ணா சத்தம் போடுகிறார். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது.

பிறகு காயலான் கடைக்கும், அதை ஒட்டிய ஒரு வார்ப்புப் பட்டறைக்கும் போனோம். "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று தெருவில் கூவிக்கொண்டு போனவர்கள் காலத்திலிருந்து இந்த வியாபாரம் நடக்கிறது. அலுமினியத்தைத்தான் நாம் ஈயம் என்கிறோம். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வேறு, அது வெள்ளீயம். கடையில் பாத்திரம் தனி, கரண்ட் கம்பி தனி, மோட்டார் என்ஜின் உடைசல் தனி என்று குவித்திருந்தார்கள். இரும்பை விட நாலைந்து மடங்கு விலை கொடுக்கிறார்கள். வெறும் பேப்பர் போன்ற அலுமினியத் தாளைத் தனித்தனியாகப் போட்டால் உருக்கும்போது எரிந்து கசடாகிவிடுமாம். கழுவிக் காயவைத்து உருண்டையாக அழுத்திச் சேர்த்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள். பார்சல் சாப்பாட்டு டப்பாவும் அப்படியே. மாத்திரை அட்டை, ஜூஸ் டப்பா இரண்டையும் அவர் வாங்கவில்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிக்கொண்டு கிடப்பதைப் பிரிக்க அவரிடம் வழியில்லை.

பட்டறைக்காரர் மூசையில் உருகி மின்னுகிற குழம்பின் மேல் கசடை வழித்துப் போட்டார். பாதரசம் மாதிரி, பார்க்க அவ்வளவு அழகு! நான் அப்பாவியாக, "இதுல வடைச்சட்டி வார்ப்பீங்களா?" என்றேன்.

"இல்லம்மா. கண்டதெல்லாம் கலந்திருக்கு. இது மோட்டார் மூடிக்கும் மெஷின் பாகத்துக்கும்தான். சமையலுக்குன்னா சுத்தமான தகடுல அடிச்சதை, ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்க."

அந்த மனிதரின் நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆப்பிரிக்காவில் காமரூன் நாட்டில், கிடைத்த உடைசலையெல்லாம் உருக்கி வார்த்த பாத்திரங்களைச் சோதித்தபோது சமையலில் காரீயம் இறங்குவது தெரிந்தது. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டிலும் 2024-ல் அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று உத்தரவு வந்தது. நல்ல பாத்திரமானாலும் புளிக் குழம்பு, தக்காளித் தொக்கு, மோர் இவற்றை அலுமினியத்தில் வைத்திருக்காதீர்கள். புளிப்பும் உப்பும் அரித்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உடம்புக்குள் போகிற அலுமினியத்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்றணும்.

வீட்டுக்குத் திரும்பியதும் நாத்தனார் பேசாமல் சமையலறைக்குள் போனாள். வாரச் சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று அவள் வாங்கி வைத்திருந்த கனமான வார்ப்பு வாணலி, முத்திரையும் இல்லை, பேரும் இல்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணி, இதுலதான் ரெண்டு வருஷமா பேரனுக்கு அப்பளம் பொரிச்சுக் கொடுக்கறேன்" என்றாள்.

சாயங்காலமே அதைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டோம். இரண்டேகால் கிலோ இருந்தது. "சட்டியா யாருக்கும் வித்துடாதீங்க" என்று நாத்தனார் இரண்டு தரம் சொன்னாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே சம்மட்டியை எடுத்து எங்கள் கண் முன்னாலேயே அதை நாலாக உடைத்து, என்ஜின் உடைசல் குவியலில் போட்டார்.